பெஞ்சு போட்டா இருபது லட்சம்

இடம்: பெங்களூரு, அல்சூர். ஒரு சந்துக்குள் மாவுக் கடை. காலையில் இட்லி, வடை, காபி; நாள் முழுக்க மாவு. வாசலில் ஒரு பெஞ்சு, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். கடைக்காரர் செல்வி. வாங்க வந்தவர் தினகரன். பக்கத்துத் தெரு வரி ஆலோசகரிடம் கணக்கு எழுதுகிற பையன். சாயங்காலம் ஏழு மணி.

தினகரன்: அக்கா, ஒரு கிலோ மாவு. (போனை எடுத்துச் சுவரைப் பார்க்கிறார்) க்யூஆர் ஒட்டியிருந்த இடத்துல முருகர் இருக்காரே?

செல்வி: அவரை ஸ்கேன் பண்ணா அருள் வரும், காசு போகாது. ரொக்கம் குடு.

தினகரன்: ரொக்கத்துக்கு நான் எங்க போவேன்? நோட்டைக் கடைசியாப் பார்த்தது பொங்கலுக்குச் சித்தப்பா குடுத்தப்போ.

செல்வி: அப்ப அடுத்த பொங்கலுக்கு வா. யூபிஐல ஒரு ரூபா வாங்கினாலும் வரி போடுறாங்களாம்.

தினகரன்: யார் சொன்னது?

செல்வி: பூக்காரம்மா, பால்காரர், எங்க மாமியார். மூணு பேரும் ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டது இதுதான் மொத தடவை. உண்மையா இல்லாம இருக்குமா?

தினகரன்: யூபிஐக்கு வரியே கிடையாதுக்கா. வரி வியாபாரத்துக்கு. நீங்க நோட்டா வாங்கினாலும், ஸ்கேன்ல வாங்கினாலும், அண்டாவை அடகு வாங்கிக்கிட்டு மாவு குடுத்தாலும் விற்பனை விற்பனைதான். என்ன, நோட்டு பேசாது. யூபிஐ பேசும். 2025 ஜூலையில நடந்தது அதுதானே? வரி ஆபீஸ் யூபிஐ கம்பெனிங்ககிட்ட 2021-22லேருந்து நாலு வருஷக் கணக்கை வாங்கிப் பார்த்து, யாருக்கு நிறைய வந்திருக்கோ அவங்களுக்கெல்லாம் கடுதாசி போட்டுச்சு. டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை, ஒண்ணு விடல. மறுநாளே ஊர் பூரா 'நோ யூபிஐ, ஒன்லி கேஷ்' போர்டு.

செல்வி: (அரிசி டின்னுக்குள் கை விட்டு, நாலாக மடித்த காகிதத்தை எடுக்கிறார்) கடுதாசின்னா, இதுமாதிரியா?

தினகரன்: அக்கா! இது எப்ப வந்தது?

செல்வி: போன ஆடியில. எனக்குக் கன்னடம் பேசவும் வரும், படிக்கவும் வரும். ஆனா இது பஸ்ல பேசுற கன்னடம் இல்லப்பா, ஆபீஸ் கன்னடம். படிச்சவுடனே தலை சுத்துச்சு, அரிசியில போட்டுட்டேன். வேப்பிலைகூட ரெண்டு போட்டிருக்கேன், பூச்சி வராது.

தினகரன்: வந்தது வேற பூச்சிக்கா. பதில் சொல்லாம வச்சிருந்தா அவங்களா ஒரு கணக்குப் போட்டு, அவங்களா ஒரு வரியும் போட்டு அனுப்பிடுவாங்க. (படிக்கிறார்) 2024-25ல உங்க நம்பருக்கு யூபிஐல வந்தது 28 லட்சத்து 10 ஆயிரம்.

செல்வி: இருபத்தெட்டு லட்சமா? எனக்கா? அப்ப அந்தப் பணத்தை யாரோ எடுத்துட்டாங்க. வீட்டுக்காரரைக் கூப்பிடு.

தினகரன்: இருங்க, எண்ணிப் பார்க்கலாம். கடையில ஒரு நாளைக்கு எவ்வளவு?

செல்வி: பதினாறு கிலோ இட்லி அரிசி, நாலு கிலோ உளுந்து ஊறப் போடுவேன். தண்ணியோட சேர்ந்து அம்பது கிலோ மாவு வரும். கிலோ அறுபது. மூவாயிரம். காலை டிபன் ஒரு ரெண்டாயிரம். மொத்தம் அஞ்சு.

தினகரன்: இதுல யூபிஐ?

செல்வி: நாலாயிரம். ஆயிரம்தான் கையில வரும்.

தினகரன்: நாலாயிரத்தை 365ஆல பெருக்கினா 14 லட்சத்து 60 ஆயிரம். மீதி பதிமூணரை லட்சம் எங்கேருந்து வந்தது?

செல்வி: (குரலைத் தாழ்த்தி) சீட்டு.

தினகரன்: என்னது?

செல்வி: தெருப் பொம்பளைங்க இருபது பேரு. மாசம் அஞ்சாயிரம். எல்லாரும் என் நம்பருக்குத்தான் போடுவாங்க. அன்னிக்கே ஏலம் எடுத்தவளுக்குப் போயிடும். என் கையில பத்து நிமிஷம்கூட நிக்காது.

தினகரன்: இருபது அஞ்சு ஒரு லட்சம். பன்னெண்டு மாசம், 12 லட்சம். இன்னும் ஒண்ணரை இடிக்குதே.

செல்வி: என் தம்பி வாங்கின கடனைத் திருப்பிக் குடுத்தான்.

தினகரன்: எந்தத் தம்பியாவது கடனைத் திருப்பிக் குடுத்தான்னு எழுதினா அங்க யாரும் நம்ப மாட்டாங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான் வைக்கணும். அப்போ கூட்டுங்க. 14.60, 12, 1.50. மொத்தம் 28.10. சரியா வந்துடுச்சு பாருங்க! கம்ப்யூட்டருக்கு எது மாவு, எது சீட்டு, எது தம்பின்னு தெரியாது. உள்ள வந்ததெல்லாம் இட்லின்னு நெனச்சுக்குச்சு.

செல்வி: அப்ப சீட்டுன்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுதா?

தினகரன்: (மூக்கைச் சொறிகிறார்) அங்கதான் ஒரு சின்னச் சிக்கல். சீட்டுன்னு எழுதினா, சீட்டுக்குப் பதிவு இருக்கான்னு இன்னொரு ஆபீஸ் கேக்கும். அதுக்கு 1982லயே தனிச் சட்டம்.

செல்வி: ஏம்ப்பா, நான் என்ன வித்தேன்னு கேட்டா சீட்டுங்கணும், சீட்டு ஏன் பிடிச்சேன்னு கேட்டா மாவுங்கணுமா?

தினகரன்: ரெண்டு பேரும் ஒருநாளும் ஒரே மேசையில உக்கார மாட்டாங்கங்கிறதுதான் ஒரே ஆறுதல். எங்க சார்கிட்ட ஸ்டேட்மென்ட்டோட வாங்க, உள்ளதை உள்ளபடி எழுதித் தருவார். ஆனா இன்னிலேருந்து கடைக்குத் தனி பேங்க் கணக்கு, அதுக்குத் தனி க்யூஆர். சீட்டு, தம்பி, கேஸ் சிலிண்டருக்குப் பாதிப் பாதி, எதுவும் அதுக்குள்ள வரக் கூடாது. நாளைக்கே அந்த முருகரை நகர்த்துங்க.

செல்வி: அதுக்குத்தான் வேற யோசனை வச்சிருக்கேனே. காசு அனுப்புறவங்களைக் குறிப்புல 'பர்த்டே வாழ்த்துக்கள்'னு போடச் சொல்லலாம்னு.

தினகரன்: ஒரு நாளைக்கு அறுபது பேர், வருஷம் முழுக்க, முப்பது முப்பது ரூபாயா உங்களுக்குப் பர்த்டே வாழ்த்துச் சொன்னா, வரி ஆபீஸ் வராதுக்கா. மனநல ஆஸ்பத்திரியிலேருந்து வருவாங்க.

(செல்வி பெஞ்சைக் காட்டுகிறார். தினகரன் உட்காருகிறார்.)

செல்வி: சரி, என் நெஜமான வியாபாரம் எவ்வளவு? அதுக்கு வரி உண்டா?

தினகரன்: யூபிஐ 14.60. ரொக்கம் ஆயிரம் வீதம் 3.65. மொத்தம் 18 லட்சத்து 25 ஆயிரம். வெறும் சரக்கு விக்கிறவங்களுக்கு நம்ம கர்நாடகாவுல வருஷம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவே வேண்டாம்.

செல்வி: அப்பாடா. நாற்பதுல பாதிகூட வரலியே.

தினகரன்: ஆனா உங்களுக்கு 40 கிடையாது. 20.

செல்வி: ஏன், நான் என்ன பாவம் பண்ணேன்?

தினகரன்: இட்லி பண்ணீங்க. மாவா வித்தா அது சரக்கு. அதே மாவை ஊத்தி வேகவச்சுத் தட்டுல வச்சுக் குடுத்தா அது சேவை. கொஞ்சம் சேவை கலந்தாலும் எல்லை 20 லட்சம்தான்.

செல்வி: வெந்தவுடனே இருபது லட்சம் ஆவியாப் போயிடுதா?

தினகரன்: ஆமா.

செல்வி: எந்திரி.

தினகரன்: என்னக்கா?

செல்வி: பெஞ்சை உள்ள போடணும். உக்காந்து சாப்பிட்டாத்தானே சேவை? இனிமே பார்சல் மட்டும்.

தினகரன்: (சுற்றறிக்கை பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் வரும் அந்தக் குரலில்) 2021 அக்டோபர்ல இதுக்கும் ஒரு விளக்கம் வந்துடுச்சு. உக்காந்து தின்னாலும், நின்னு தின்னாலும், பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போய் அல்சூர் ஏரிக்கரையில தின்னாலும் ரெஸ்டாரன்ட் சேவைதான். ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்புற சமையலறைகூட.

செல்வி: அப்ப பெஞ்சு பாவம், ஒரு தப்பும் பண்ணல.

தினகரன்: பெஞ்சு மேல தப்பே இல்ல. (மறுபடி உட்காருகிறார்) இன்னும் கேளுங்க. உங்க ஃப்ரிட்ஜுல பாக்கெட் பரோட்டா இருக்கே?

செல்வி: இருக்கு. ஐ.டி. பசங்க வாங்குவாங்க.

தினகரன்: 2020ல இந்தப் பரோட்டாவுக்குக் கர்நாடகாவுலதான் பஞ்சாயத்து. ரொட்டி, சப்பாத்திக்கு 5 சதவீதம். ஒரு கம்பெனி போய், எங்க பரோட்டாவும் ஒருவகை ரொட்டிதானேன்னு கேட்டுச்சு. இல்ல, ரொட்டி அப்படியே சாப்பிடுறது, இதைச் சூடு பண்ணித்தான் சாப்பிடணும், அதனால 18ன்னு தீர்ப்பு.

செல்வி: சூடு பண்றதுக்குப் பதிமூணு சதவீதமா? என் கேஸ்காரன்கூட அவ்வளவு கேக்கறதில்லியே.

தினகரன்: அஞ்சு வருஷம் அப்படியே ஓடுச்சு. 2025 செப்டம்பர் 22லேருந்து ரொட்டி, பரோட்டா எல்லாம் பூஜ்யம். எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் பூஜ்யம்னு எழுதிட்டாங்க.

செல்வி: எந்தப் பேர்ல கூப்பிட்டாலுமா? அலுத்துப் போச்சு போலிருக்கு.

தினகரன்: ஆனா அந்தப் பூஜ்யம் பரோட்டாவைப் பிரிச்சு உங்க தோசைக்கல்லுல போட்டு, சால்னாவோட குடுத்தா, 5.

செல்வி: முந்தி சூடு பண்ணணும்கிறதுக்காக வரி. இப்ப சூடு பண்ணிட்டதுக்காக வரி. இவங்களுக்கு அடுப்பு மேல என்ன கோபம்?

தினகரன்: அப்பளமும் அந்தக் கதைதான். பாக்கெட்டுல இருக்கறவரைக்கும் வரி கிடையாது. சட்டத்துலயே ஒரு வால் இருக்கு, சாப்பிடப் பரிமாறினது தவிரன்னு. தயிரை டபராவுல அளந்து ஊத்தினா வரி இல்ல. பாக்கெட்ல அடைச்சுப் பேரும் எடையும் அச்சடிச்சு ஒட்டினா 5. 2022 ஜூலையிலேருந்து அப்படி. அரிசியும்தான், 25 கிலோ வரைக்கும் பேர் அச்சடிச்ச மூட்டைன்னா வரி. அதுக்கு மேல போனா இல்ல.

செல்வி: இரு, இரு. அதனாலயா எங்க மண்டிக்காரர் 26 கிலோ மூட்டை குடுக்கறார்?

தினகரன்: வேற எதுக்கு?

செல்வி: (நெஞ்சில் கை வைத்து) நாலு வருஷமா, ஒரு கிலோ கூடப் போட்டுத் தர்றாரே, நல்ல மனுஷன்னு நெனச்சு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டிருக்கேன்!

தினகரன்: அடுத்த தடவை ஸ்வீட்டை வரித்துறைக்கு அனுப்புங்க.

செல்வி: அப்ப எதிர்த்த காய்கறி அண்ணன் பாடு தேவலையா? அவருக்கு வியாபாரம் என்னைவிட ரெண்டு மடங்கு.

தினகரன்: அவர் ராஜா. பச்சைக் காய்கறிக்கு வரி இல்ல. வரி இல்லாத சரக்கை மட்டும் விக்கிறவர் கோடி ரூபாய்க்கு வித்தாலும் பதிவு வேண்டாம். ஆனாலும் அந்தக் களேபரத்துல ஹாவேரிப் பக்கம் ஒரு காய்கறிக்காரருக்கு, நாலு வருஷத்துல யூபிஐல 1 கோடியே 63 லட்சம் வந்திருக்குன்னு சொல்லி, 29 லட்சம் கேட்டு நோட்டீஸ் போச்சு. கம்ப்யூட்டருக்குக் கத்திரிக்காய் தெரியலை. அப்புறம் ஊரே கூச்சல் போட்டு, முதலமைச்சரே வியாபாரிங்களைக் கூப்பிட்டுப் பேசி, பழசைக் கேக்கலை, பதிவு பண்ணவேண்டியவங்க பண்ணிக்கோங்கன்னு சொன்னதும்தான் அடங்குச்சு.

செல்வி: அப்ப அண்ணனுக்குக் கவலையே இல்ல.

தினகரன்: ஒரு கவலை உண்டு. சில்லறை இல்லைன்னா என்ன குடுக்கறார்?

செல்வி: புளிப்பு மிட்டாய்.

தினகரன்: அந்த மிட்டாய்தான் வில்லன். மிட்டாய்க்கு வரி உண்டு. ஒரே ஒரு ரூபாய் மிட்டாய் வித்தாலும் அவர் 'வரியில்லாத சரக்கு மட்டும் விக்கிறவர்' இல்ல. உடனே தக்காளி, வெங்காயம், கொத்தமல்லிக் கட்டு எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டுவாங்க. 40 லட்சம் தாண்டினா பதிவு பண்ணியே ஆகணும். வரி என்னமோ அந்த மிட்டாய்க்கு மட்டும்தான்.

செல்வி: அய்யோ, கொசுறா கறிவேப்பிலையே குடுத்துட வேண்டியதுதானே! (எதிர்க்கடையைப் பார்த்து) அண்ணே! மிட்டாய் டப்பாவை உள்ள வைங்க! அப்புறம் சொல்றேன்!

தினகரன்: நீங்க உங்க கணக்கைப் பாருங்க. 20 லட்சத்துக்கு இன்னும் 1 லட்சத்து 75 ஆயிரம்தான் பாக்கி. தாண்டினா 30 நாளுக்குள்ள பதிவுக்குப் போடணும்.

செல்வி: எங்க வீட்டுக்காரர் பேர்ல மாவை மாத்திடலாமா? இட்லி எனக்கு, மாவு அவருக்கு.

தினகரன்: பான் வேற, கணக்கு வேற, நெஜமாவே ரெண்டு வியாபாரம்னா சரி. ஒரே கிரைண்டர், ஒரே கல்லா, ஒரே பெஞ்சுன்னா கேள்வி வரும். அதோட, மாவுல வர்ற லாபம் அவர் பாஸ்புக்குக்குப் போகும்.

செல்வி: அரசாங்கத்துக்கே குடுத்துடறேன். அவங்களாவது நோட்டீஸ் போட்டுக் கேக்கறாங்க. பதிவு பண்ண எவ்வளவு செலவு?

தினகரன்: அரசாங்கக் கட்டணம் பூஜ்யம். மூச்சு வாங்கறது ஓடிபியிலதான். முதல்ல பான் நம்பர், மொபைல், ஈமெயில் குடுக்கணும். மொபைலுக்கு ஒரு ஓடிபி, ஈமெயிலுக்கு இன்னொண்ணு. உங்களுக்கு ஈமெயில் இருக்கா?

செல்வி: அக்கா பையனோடது இருக்கு. அவன் டெலிவரி வண்டி ஓட்டறான்.

தினகரன்: அப்ப அவன் சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறப்போதான் ஓடிபி வரும். வண்டி நகரலைன்னாலும் ஓடிபி காலாவதி ஆயிடும். உங்க பேர்லயே ஒண்ணு திறங்க. ரெண்டும் ஏறினா ஒரு தற்காலிக நம்பர் வரும். அது 15 நாள்தான் உயிரோட இருக்கும். அதுக்குள்ள மீதியை முடிக்கணும். போட்டோ 100 கேபிக்குள்ள இருக்கணும். கடை முகவரிக்குப் பெஸ்காம் பில்.

செல்வி: பில் வீட்டு ஓனர் அப்பா பேர்ல வருது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. மாசா மாசம் கரண்ட் பில் மட்டும் கரெக்டா கட்டறார்.

தினகரன்: (பெருமூச்சு) ரொம்பப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான். விண்ணப்பத்துல ஒரு பேர், பில்லுல ஒரு பேர் இருந்தா கேள்வி கேட்டுத் திருப்புவாங்க. 7 வேலை நாளுக்குள்ள பதில் போடலைன்னா தள்ளுபடி, மறுபடி சில்க் போர்டு ஓடிபி. அதனால முதல்லயே ஓனர்கிட்ட வாடகைப் பத்திரம், சம்மதக் கடிதம், அப்பாவுக்கும் அவருக்கும் என்ன உறவுன்னு காட்டற காகிதம், எல்லாம் வாங்கி வச்சுக்கணும்.

செல்வி: ஓனர் சம்மதம் குடுக்கறதா இருந்தா வாடகை ஏத்திட்டுத்தான் குடுப்பார். அதுதான் உண்மையான ஜிஎஸ்டி. சரி, பதிவு ஆயிடுச்சுன்னு வை. அப்புறம்?

தினகரன்: சின்னக் கடைக்குக் காம்போசிஷன்னு ஒரு வழி இருக்கு. ஒன்றரைக் கோடி வரைக்கும். உங்களை மாதிரி சாப்பாட்டுக் கடைக்கு விற்பனையில 5 சதவீதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அடுத்த மாசம் 18ஆம் தேதிக்குள்ள கட்டணும். வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன். மறந்தா நாள் கணக்குல தாமதக் கட்டணம்.

செல்வி: ஆளுங்ககிட்ட 5 சதவீதம் வாங்கிக் கட்டறது. அவ்வளவுதானே?

தினகரன்: வாங்கக் கூடாது. உங்க கைக்காசுதான். அதுவுமில்லாம பில்லு மேல எழுதணும்: 'இவர் காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர்'. கடை வாசல்லயும் காம்போசிஷன் வரிதாரர்னு போர்டு மாட்டணும்.

செல்வி: வரியையும் கட்டிட்டு, 'செல்வி தகுதியில்லாதவ'ன்னு நானே எழுதியும் குடுக்கணுமா? இதை எங்க மாமியார் இருபத்திரண்டு வருஷமா இலவசமாச் சொல்றாங்களே!

தினகரன்: போர்டுல 60 சதவீதம் கன்னடமும் இருக்கணும், ஞாபகம் வச்சுக்கோங்க.

செல்வி: எல்லாருக்கும் புரியற மாதிரி அசிங்கப்படணும். புரியுது. (கால்குலேட்டரை எடுக்கிறார்) இருபது லட்சத்தை 365ஆல வகுத்தா... 5,479 ரூபா சொச்சம். அதாவது ஒரு நாளைக்கு 5,479 வரைக்கும் நான் செல்வி. 5,480 ஆனா தகுதியற்றவர்.

தினகரன்: அப்படி தினக்கணக்கு இல்லக்கா, ஏப்ரல்லேருந்து மார்ச் வரைக்கும் மொத்தமாத்தான்...

செல்வி: மாவுக் கடைக்காரிக்கு வருஷக் கணக்கு எதுக்கு? மூணாம் நாளே புளிச்சுடும். (சிட்டையைப் புரட்டுகிறார்) இன்னிக்கு கிருத்திகை, நல்ல வியாபாரம். இதுவரைக்கும் 5,425. நீ கேட்டது ஒரு கிலோ, அறுபது. 5,485 ஆயிடும். கிடையாது.

தினகரன்: அக்கா!

செல்வி: அரைக் கிலோ தர்றேன், முப்பது. 5,455. இன்னும் 24 ரூபா இடம் இருக்கு. காபி குடிக்கிறியா? பதினஞ்சு. 5,470. மீதி ஒம்பது.

தினகரன்: ஒரு வடை?

செல்வி: வடை பத்து. 5,480.

(இருவரும் வடையைப் பார்க்கிறார்கள்.)

தினகரன்: ஒரு ரூபா தள்ளுபடி குடுங்களேன்.

செல்வி: குடுக்கலாமா?

தினகரன்: தாராளமா. விக்கும்போதே பில்லுல தள்ளுபடின்னு எழுதிட்டா அது விற்பனைக் கணக்குல சேராது. சட்டமே சொல்லுது.

செல்வி: (சிட்டையில் எழுதுகிறார்) 'வடை பத்து. தள்ளுபடி ஒண்ணு. காரணம்: அரசாங்கம்.' மொத்தம் 54. எடு ரொக்கம்.

தினகரன்: அதான் முதல்லயே சொன்னேனே, ரொக்கம் இல்லன்னு.

செல்வி: (தெருவை இரண்டு பக்கமும் பார்க்கிறார், முருகர் படத்தை ஒரு ஓரம் தூக்குகிறார்) சீக்கிரம். மாமியார் கோயில்லேருந்து வர்ற நேரம்.

(தினகரன் குனிந்து ஸ்கேன் செய்கிறார். ஒரு நொடி அமைதி. பிறகு உளுந்து டின்னுக்குள்ளிருந்து, துணி சுற்றிப் பதுக்கிய சவுண்ட் பாக்ஸ் அடைத்த குரலில் கன்னடத்தில் கத்துகிறது: "ஐவத்நால்கு ரூபாயி பந்திதெ!" ஐம்பத்திநாலு ரூபாய் வந்துவிட்டதாம்.)

பூக்காரம்மா: (எதிர்ப்பக்கத்திலிருந்து) செல்வி! மறுபடி யூபிஐ வாங்க ஆரம்பிச்சுட்டியா? எனக்கு ரெண்டு கிலோ மாவு எடுத்து வை!

செல்வி: (ஷட்டரை இழுத்தபடி) மாவு தீந்துடுச்சு! நாளைக்குக் காலையில மொத ஆளா வா, 5,479 பாக்கி இருக்கும்!